அடிபட்ட நாய்க்கு ஊர்ப் பொது நிதி தேவை

சாலையில் அடிபட்ட நாயைச் சாக்கில் ஏந்திக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவருபவர் பெரும்பாலும் வசதி படைத்தவர் அல்லர். மருத்துவர் பார்த்துவிடுவார், ஆனால் இருப்பில் இல்லாத மருந்தை வெளியில்தான் வாங்க வேண்டும். தூக்கி வந்தவர் தலையிலேயே முழுச் செலவும் விழுந்தால், அடுத்த முறை அவர் கண்டும் காணாமல் போவார். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

ஊராட்சியும் பால் உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து ஒரு சிறு நிதியை முன்கூட்டியே வைத்திருப்பது நலம். வெறிகொண்ட நாய் கடித்தால் கறவைப் பசுவும் போய்விடும் என்பதால் சங்கத்துக்கும் இதில் அக்கறை உண்டு. அடிபட்ட பின் வசூலுக்குப் புறப்படுவது பயன் தராது. புண்ணில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகிவிடும். முதல் நாளே கழுவி மருந்திட்டால் சிறு செலவில் முடிவது, புழு வைத்தபின் வாரக்கணக்கில் இழுக்கும். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் தொற்றுக் கட்டிக்கு வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி போட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் அது பெரும்பாலும் கரைந்துவிடும். பணமின்றிப் பாதியில் நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும்.

முதுகெலும்பு நொறுங்கிய ஒரு நாய்க்கே நிதி முழுவதையும் கரைப்பது சரியன்று. தேறுமா, வலியின்றி உயிர் பிரியச் செய்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல், ரசீதைப் பார்த்து மருந்துக் கடைக்கே நேரே செலுத்தினால் வீண் பேச்சு எழாது. குணமான நாயை வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் ஊருக்குள் விடலாகாது. அந்த ஊசியின் விலையும் இந்நிதியிலேயே அடங்க வேண்டும்.