கரி என்றால் கரிதானா?

டெல்லியில் குளிர் தொடங்கியதும் ஆய்வு மாணவர்களின் மொட்டைமாடிகளுக்குக் கரியடுப்பு ஏறிவிடுகிறது. சென்ற வாரம் அப்படியொரு மாலைக்கென நான் வாங்கிவந்த கரி, பற்றியதுமே கந்தக நெடி வீசியது. "கரி என்றால் கரிதானே, இதிலென்ன ஆராய்ச்சி?" என்றார் வேதியியலில் முதுகலை முடித்த நண்பர். அவருக்கான மறுப்பே இப்பதிவு.

தமிழில் அடுப்புக்கரி வேறு, நிலக்கரி வேறு. இந்தியிலும் 'லக்டி கா கோய்லா', 'பத்தர் கா கோய்லா' என்ற வேறுபாடு உண்டு. கடைத்தெருவிலோ அடைமொழி உதிர்ந்து வெறும் 'கோய்லா' மட்டுமே எஞ்சுகிறது. மொழியியலார் இதைச் சொற்சிக்கனம் என்போம். இங்கு அச்சிக்கனத்தின் இலாபம் விற்பவருக்கே. ஒன்று, குறைந்த காற்றில் மரத்தைச் சுட்டுப் பெறுவது. மற்றொன்று, கந்தகமும் பாதரசமும் கலந்து நிலத்தினடியில் கிடந்தது. அதன் புகையையா உணவின்மேல் படியவிடுவது?

அச்சில் வார்த்த 'பிரிக்வெட்' கட்டிகளில் குழப்பம் இன்னும் கூடுதல். அமெரிக்காவில் விற்கும் கட்டிகளில் மரக்கரியுடன் நிலக்கரித் தூள், சுண்ணாம்புக்கல், மாவுப்பசை, போராக்ஸ், சோடியம் நைட்ரேட் எல்லாம் சேர்ந்ததுண்டு. பசை தூளைப் பிணைக்கிறது. நைட்ரேட் விரைந்து பற்றவைக்கிறது. சுண்ணாம்பு சாம்பலை வெளுப்பாகக் காட்டுகிறது. பசையை நான் பழிக்கவில்லை. மரவள்ளி மாவில் பிடித்த கொட்டாங்குச்சிக் கரி நேர்மையான பண்டம். சேர்த்ததைச் சொல்லாமல் விற்பதையே பழிக்கிறேன்.

ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்குச் சேர்பொருள் பட்டியல் கட்டாயம். கரி உணவன்று என்பதால், 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் பெயர், எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி போன்றவற்றோடு நின்றுவிடுகின்றன.

பட்டியல் இல்லாத இடத்தை உரிச்சொற்கள் நிரப்புகின்றன. 'இயற்கையானது' என்கிறார்கள், நிலக்கரியும் இயற்கையானதுதான். 'புகையற்றது' என்பது அதனினும் கொடிது. கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற கார்பன் மோனாக்சைடை எந்தக் கரியும் வெளியிடும். மூடிய அறையில் அங்கீட்டி மூட்டி உறங்கியோர் இறந்த செய்தி வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகிறது. 'புகையற்றது' என்ற சொல்லை நம்பி அடுப்பை அறைக்குள் கொண்டுசெல்ல ஒருவர் போதாதா?

கட்டியை விட்டுத் துண்டுக்கரிக்கு மாறினால் தீர்ந்தது என்போருக்கும் ஒரு சொல்: சாயம் பூசிய பழைய பலகையைச் சுட்டாலும் துண்டுக்கரிதான் கிடைக்கும். எம்மரம் என்று கேளுங்கள். இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரி என்று விடை வந்தால் நான் மகிழ்வேன். ஊரே சபிக்கும் மரந்தான். ஆயினும் அதே பேரினத்து மரங்களின் கரியை 'மெஸ்கீட்' என்று பெயரிட்டு அமெரிக்கர் போற்றி வாங்குகின்றனர். (இந்நகரக் காற்றில் எக்கரியையேனும் பற்றவைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அது தனிப் பதிவுக்குரியது.)

நேற்று வேறொரு கடையில் "லக்டி கா?" என்று கேட்டேன். கடைக்காரர் மூட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "கோய்லா ஹை" என்றார். வெறுங்கையோடு திரும்பினேன்.