ஊசியும் வாய்க்கால் கரையும்



அறுபதைக் கடந்த பெண்மணியின் கையில் தஸ்பீஹ் மணியைக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். "இனி உங்களுக்கு என்ன வேலை? உட்கார்ந்து திக்ரு செய்யுங்கள்" என்பதை மரியாதை என்றே எண்ணுகிறோம். நானும் அவ்வாறு எண்ணியவள்தான்.

வாப்பாவின் மௌத்துக்குப் பின், நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும், என் உம்மா இளமையில் கற்ற குறுக்குத் தையலை மீண்டும் கையிலெடுத்தார். மேட்டித் துணியும் நூல்கண்டுகளும் வாங்கி, கட்டங்களை எண்ணி எண்ணி ஒரு மல்லிகைக் கொடியைத் தைக்கலானார். மதரஸாவில் பாடம் நடத்துபவள் என்ற மிடுக்கில் நான் கேட்டேன்: "இந்த வயதில் இந்த வீண் வேலை எதற்கு?" உம்மா பதில் சொல்லவில்லை. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அதன்பின் அவருடைய பொழுது சன்னலோரத்தில் கழிந்தது. திக்ரு கூடவில்லை, பேச்சுதான் குறைந்தது. முழங்காலும் இறுகிற்று.

என் தவற்றை எனக்கு உணர்த்தியது நான் நடத்திய பாடமே. தம் மனைவியரில் கை நீளமானவரே முதலில் தம்மை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20-இல் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான் பொருள் விளங்கிற்று. அவர்கள் தோல் பதனிட்டு, தம் கையால் தைத்து, அந்த வருவாயை ஏழைகளுக்கு ஈந்தவர்கள். உழைத்து ஈந்த அந்தக் கையே நீண்ட கை! அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு வீடு திரும்பிய நான், உம்மாவின் வெறுங்கையைக் கண்டு வெட்கினேன்.

தையலில் உருவம் வரலாமா என்று சிலர் கேட்பர். உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டினார்கள். கட்டங்களை எண்ணித் தைக்கும் இக்கலைக்குப் பூவும் கொடியும் கோலமும் போதுமே. பலஸ்தீனப் பெண்கள் தாயிடமிருந்து மகள் கற்று வரும் 'தத்ரீஸ்' என்னும் பூத்தையலிலும் குறுக்குத் தையலே முதன்மை. அதை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தொழுகை நேரத்தை விழுங்கினால் எந்த வேலையும் குற்றமே. அதற்கு மருந்து நேரத்தை ஒழுங்குசெய்வது, கையைக் கட்டிப்போடுவதன்று.

நடையும் இவ்வாறே. பூமியில் நடந்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் (29:20) ஏவுகிறது. அது இளைஞருக்கு மட்டும் இட்ட கட்டளையன்று. நம் காரைக்காலோ மேடு பள்ளமற்ற டெல்டா மண். ஊரைத் தாண்டினால் வயலும் வாய்க்காலும்தான். சம்பா அறுவடை முடிந்த தாளுக்கிடையே உளுந்து தளிர்விடும் மாதத்தில் அந்த வழியே நடந்து பாருங்கள். நாவு தானாக 'சுப்ஹானல்லாஹ்' என்னும். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு இருபது நிமிடத்திற்குச் சற்றே கூடுதல்.

"பெண்கள் வெளியே உலவுவதா?" என்போருக்கு ஒரு சொல். ஊரெல்லைக்குள் வாய்க்கால் கரைவரை சென்று வருவது பயணமன்று. கண்ணியமான உடையில் இருவர் மூவராகச் செல்வதில் என்ன தடை? மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்காத நாம், அந்நிலை வராமல் காக்கும் நடைக்கு ஏன் தயங்குகிறோம்?

இப்போது அஸருக்குப் பின் உம்மாவும் நானும் பக்கத்து வீட்டு மாமியும் நடக்கிறோம். மல்லிகைக் கொடியும் முடிந்து, ரைஹால் பலகைக்கு உறையாயிற்று. மூன்றாண்டு அலமாரியில் கிடந்த மடிப்புக் கோடு மட்டும் துவைத்தும் போகவில்லை. அது என் சொல்லின் தழும்பு.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அவ்வாறு ஒரு துணி மடித்துக் கிடக்கக்கூடும். இன்றே கேளுங்கள். பெற்றோரின் முதுமையைச் சிறையாக்காமல் பரக்கத்தாக்கும் பண்பை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.