விடுகதைக்கு ஒரு விடைதானா?

விடுகதை என்றவுடன் சிறுபிள்ளை விளையாட்டு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். தொல்காப்பியர் ஒதுக்கவில்லை, ‘பிசி’ எனப் பெயரிட்டுச் செய்யுளியலில் இடம் தந்தார். நம் தொடக்கப்பள்ளிகளிலோ அது கடைசி மணிக்குரிய பொழுதுபோக்கு!

1974-இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் உள்ள வாலிநோக்கம் பக்கம், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர் போட்டேன்.

“மூன்றெழுத்து, நடுவெழுத்தை எடுத்தால் தண்ணீர் கல்லாகும்.”

ஒரு பையன் தரையில் விரலால் எழுதி அழித்துப் பார்த்து, “கடல்!” என்று கத்தினான்.

“ஒரே தீவில் அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஆளுக்கொரு மடம்” என்றதும், இராமேசுவரம் பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகள் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஒப்பித்துவிட்டார்கள். எழுத்துப் பாடமும் ஊர்ப் பாடமும் பிரம்பில்லாமலே நடந்தன.

அடுத்தது பழைய புதிர்: தண்ணீரில் பிறந்து, தண்ணீர் பட்டால் சாவது எது? உப்பு என்ற விடையோடு நான் காத்திருந்தேன். பின்வரிசைச் சிறுமி எழுந்து, “எங்கப்பா வேலை, அண்ணே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, “தப்பு, உட்கார்” என்றேன்.

இரவில்தான் எனக்கு உறைத்தது. கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காய்ச்சினால் உப்பள வேலை. ஐப்பசி மழை இறங்கினால் உப்பும் கரையும், வேலையும் நிற்கும். புதிரை என்னைவிட நன்றாக அவிழ்த்தவள் அவள்தான்.

ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் நண்பர்களே, விடுகதையைத் தாராளமாக வகுப்புக்குள் கொண்டு செல்லுங்கள். ஆனால் ‘தப்பு’ என்னுமுன், “ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் மறுநாள் கேட்கலாமென்றிருந்தேன். முகாம் லாரி விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட்டது.