பொத்தான் எங்கே போனது?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரில் குளிர்சாதனத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் பொத்தான் இருக்கிறதா? புதிய கார்கள் பலவற்றில் அது தொடுதிரைக்குள் போய்விட்டது. பொத்தானை விரலே தேடிப் பிடித்துவிடும். வழவழப்பான திரையில் கண்தான் தேட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், 44 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே கடக்கிறார்.

2022இல் சுவீடனின் ‘வி பீலேகரே’ என்ற கார் இதழ், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பல கார்களைச் சோதித்தது. பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோவில் நான்கு வேலைகளை முடிக்க 10 வினாடி போதுமாக இருந்தது. ஆக மோசமான தொடுதிரைக் காரில் ஏறக்குறைய 45 வினாடி ஆனது.

குறை சொன்னால், “போகப் போகப் பழகிவிடும்” என்று சேவை மையத்தில் சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டியதில்லை. எவ்வளவு பழகினாலும் திரையில் தடவி அறிய மேடுபள்ளம் முளைக்காது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்கிறது. காரை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். அந்த எண்களோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.