குவான்டைஸ் என்கிற துடைப்பம்

வீட்டில் எலெக்ட்ரானிக் டிரம்ஸை கணினியோடு இணைத்து ஒரு பாட்டாவது பதிவு செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். வாசிக்கும்போது ஹெட்போனில் எல்லாம் அருமையாகத்தான் கேட்டது. பதிவானதைத் திரும்பப் போட்டால் ஸ்னேர் ஒரு அடிக்கு இரண்டு முறை திக்குகிறது. டாமைத் தொடவே இல்லை, ஆனால் அது நடுவில் லேசாக 'டும்' என்கிறது. மெதுவாக வாசித்த சின்னச் சின்ன அடிகளைக் காணவே காணோம். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "மச்சி, உனக்கு டைமிங் சரியில்ல. விடு, குவான்டைஸ் போட்டுக்கலாம்."

இந்த ஒரு வாக்கியம் செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. வாசித்தவர் மேல் பழி, வாசிப்பின் மேல் துடைப்பம். உண்மையான குற்றவாளி மட்டும் பேடுக்கு அடியில் சௌக்கியமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குற்றவாளியின் பெயர் பீசோ. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை 1880-ல் பியர் க்யூரியும் அவர் அண்ணன் ஜாக் க்யூரியும் கண்டுபிடித்தார்கள். அதே சங்கதிதான் இன்று ஒரு நாணயம் அளவு தகடாக ஒவ்வொரு பேடின் அடியிலும் இருக்கிறது. பேடில் ஒரு அடி விழுந்தால் அந்தத் தகடு ஒரே ஒரு துடிப்பைத் தருவதில்லை. மேலும் கீழுமாக ஆடி ஆடி அடங்கும் ஒரு அலையைத் தருகிறது. மெஷ் ஹெட் என்றால் ஆட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். இந்த ஆட்டத்தைப் பார்த்து "இது ஒரு அடி, இவ்வளவு பலம்" என்று முடிவெடுக்க வேண்டியது மாடியூல். எத்தனை வோல்டேஜுக்கு மேல் வந்தால் அடி என்று கணக்கு (திரெஷோல்ட்), உச்சத்தைத் தேட எத்தனை மில்லிசெகண்ட் காத்திருப்பது (ஸ்கேன் டைம்), ஒரு அடியைப் பிடித்தபின் எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்வது (மாஸ்க் டைம்) என எல்லாமே அங்கேதான் தீர்மானமாகிறது.

க்யூபேஸோ ரீப்பரோ, கணினியில் இருக்கும் மென்பொருளுக்கு வந்து சேர்வது நோட் எண், 127 வரைக்குமான ஒரு வெலாசிட்டி, நேரம், அவ்வளவுதான். சொன்னதை எழுதிக்கொள்ளும் குமாஸ்தா அது. குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தில் ரப்பர் வைத்து அழித்தால் சொன்னவரின் திக்குவாய் சரியாகிவிடுமா?

குவான்டைஸ் இந்த இடத்தில் செய்வது இதைவிட மோசம். 120 வேகத்தில் பதினாறாம் பங்கு கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு 125 மில்லிசெகண்ட். 30 மில்லிசெகண்ட் தள்ளி வந்த போலி அடி, பக்கத்துக் கட்டத்துக்கு வந்த நிஜ அடியின் தலையிலேயே போய் உட்காரும். ஒரே இடத்தில் இரண்டு ஸ்னேர். காதுக்கு திக்கல் போய்விட்டது போல் இருக்கும். அதற்கு பதில் ஒலி தகரம் மாதிரி கனத்துக் கிடக்கும். அதை மறைக்க ஒரு கம்ப்ரஸர், கம்ப்ரஸரை மறைக்க ஒரு ரிவெர்ப்... கடைசியில் வெலாசிட்டி எல்லாவற்றையும் 110-க்கு சமமாக இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. வாசித்தவரும் முடிந்தார். ஸ்னேரில் முக்கிய அடிகளுக்கு இடையே முணுமுணுப்பது போல் விழும் அந்த கோஸ்ட் நோட்டுகளுக்காகத்தானே அவர் வருஷக்கணக்காக மணிக்கட்டைப் பழக்கினார்?

செய்ய வேண்டியது என்ன? பல மென்பொருள்களில் ஈவென்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. யாரும் திறப்பதில்லை, அழகாக இருக்காதே :) வரிசை வரிசையாக எண்கள். ஆனால் நோய் என்ன என்று அந்தப் பக்கம் பளிச்சென்று சொல்லிவிடும்.

38-ம் எண் (பெரும்பாலும் ஸ்னேர்) ஒருமுறை 96 பலத்தில் வந்து, 25 மில்லிசெகண்ட் கழித்து மறுபடி 20 பலத்தில் வந்திருந்தால், அது பேடின் மிச்ச ஆட்டம். மாஸ்க் டைமையோ ரீட்ரிகர் கேன்சலையோ கொஞ்சம் ஏற்ற வேண்டும். கிக்கில் இப்படி வந்தால் முதலில் காலைப் பாருங்கள், பீட்டர் நிஜமாகவே துள்ளி இரண்டாவது முறை தட்டியிருக்கலாம். ஸ்னேரை ஓங்கி அடித்த இடங்களில் மட்டும் கூடவே ஒரு டாம் மிகச் சின்ன எண்ணோடு வருகிறதா? அது கிராஸ்டாக், கம்பி வழியாகப் போகும் அதிர்வு. மாடியூலில் அதற்கென்று அமைப்பு உண்டு. கிளாம்பை மாற்றிப் பிடித்தாலே பாதி குறையும். எல்லா அடியும் 120-க்கு மேலேயே நின்றால் சென்சிட்டிவிட்டி அதிகம். ரிம் அடி லிஸ்டில் 40 என்று இருக்கிறது, ஆனால் சத்தமே வரவில்லை என்றால் சென்சாரைத் திட்டாதீர்கள், அந்த எண்ணுக்கு உங்கள் டிரம் பிளக்இன்னில் ஒலி ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இரட்டை அடி, ஆனால் இரண்டும் அச்சு அசல் ஒரே வெலாசிட்டி. பீசோவால் அப்படித் துல்லியமாக இரண்டு முறை ஆட முடியாது. யுஎஸ்பி வழியாகவும் பழைய மிடி கேபிள் வழியாகவும் ஒரே சேதி இரண்டு தடவை வருகிறது, டிராக்கில் 'எல்லா இன்புட்டும்' என்று போட்டிருப்பார்கள். லிஸ்டில் ஒரே அடிதான், காதில் மட்டும் இரண்டு என்றால் மென்பொருள் அந்த நோட்டை மாடியூலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. லோக்கல் கன்ட்ரோலை அணையுங்கள், அல்லது அந்தத் திரும்பும் வழியை அடையுங்கள். இதற்குப் போய் புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்லும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

மாஸ்க் டைம் என்ற மருந்து கிடைத்ததும் அதை அள்ளி ஊற்றுபவர்களும் உண்டு. 80 மில்லிசெகண்ட் வைத்துவிட்டு "இப்ப திக்கலே இல்ல பார்" என்பார்கள். 240 வேகத்தில் பதினாறாம் பங்கு அடிகளுக்கு இடைவெளியே 62.5 மில்லிசெகண்ட்தான்! அந்த அமைப்பில் வேகமாக உருட்டினால் பாதி அடி காணாமல் போகும். ஃப்ளாம் என்றால் இடைவெளி 30-க்குக் கீழேயும் இறங்கும். போலி அடி மறையும் மிகச் சின்ன எண்ணில் நிறுத்துவதுதான் சாமர்த்தியம். அதற்கு டிரம்மர் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவர் வீட்டுக்குப் போனபிறகு மௌஸால் செய்ய முடியாது.

நேரம்தான் விழுங்கும், பத்து நிமிஷ எடிட்டிங்கில் முடிவதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பத் திரும்ப வரும். டிரிகர் அமைப்பை ஒருமுறை சேமித்தால் பேடை மாற்றும் வரை அது கூடவே இருக்கும். தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் ஆக்டாபேட் வாசிப்பவர்களைப் பாருங்கள். எட்டு பேடும் ஒரே சட்டத்தில். தபேலா, டோலக் என்று எல்லாம் அதிலேயே. மேடையில் குவான்டைஸ் கிடையாது. போலி அடி விழுந்தால் முன்வரிசைக்குக் கேட்டுவிடும்.

மென்பொருள் பக்கம் தவறே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது, அது பஃபர். 44,100 சாம்பிளில் 1024 பஃபர் வைத்தால் 23 மில்லிசெகண்ட் தாமதம். ஒலி காற்றில் அவ்வளவு நேரத்தில் கிட்டத்தட்ட எட்டு மீட்டர் போய்விடும். அதாவது அடிப்பவர் தன் ஸ்னேரை எட்டு மீட்டர் தள்ளி நின்று கேட்கிறார். கை தன்னால் முந்திக்கொண்டு ஓடும், பிறகு "டைமிங் சரியில்ல". 128 வைத்தால் மூன்று மில்லிசெகண்ட், ஒரு மீட்டர் தூரம். கணினி திணறினால் மாடியூலின் சொந்த ஒலியை அதன் ஹெட்போன் துளையிலேயே கேட்டுக்கொண்டு மிடியை மட்டும் பதியலாம். செலவு பூஜ்யம்.

நடன இசைக்குக் கட்டத்தில் அச்சடித்தது போல் அடி விழ வேண்டும் என்றால் தாராளமாகக் குவான்டைஸ் செய்யட்டும். சுத்தமாகப் பதிந்த வாசிப்பின் நகலில், டிரம்மருக்குச் சொல்லிவிட்டு.

அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. ஸ்னேரில் மட்டும் மெதுவாகவும் ஓங்கியும் கலந்து 50 அடி வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் எண்ணட்டும். லிஸ்டில் 53 இருந்தால் அந்த மூன்று பேடுடையது. 46 இருந்தால் திரெஷோல்டை ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். சரியாக 50 வந்து, வேறெந்த எண்ணும் இடையில் எட்டிப்பார்க்காமல், அப்போதும் தடுமாறினால் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு டைமிங் பற்றிப் பேசலாம்.