தாயார் விட்டுச் சென்ற கொடி ரோஜா



குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியுள்ளார். தாயார் மறைந்தபின் பாகப் பிரிவினையில் வீடு அவர் பங்கிற்கு வந்திருக்கின்றது. அதனுடன், முகப்பு வளைவு முழுதும் படர்ந்த கொடி ரோஜா ஒன்றும் வந்திருக்கின்றது. புதினாகூட வளர்த்தறியாதவர் அவர். "பூ குறைந்து போயிற்று, முள்தான் மிச்சம், அடியோடு வெட்டிவிடு என்கிறார் மூத்த தமையனார். உம்மா நட்டதாயிற்றே என்று கை வரவில்லை. நான் என்ன செய்வது?" என்று வினவுகின்றார்.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் பொதுவாகவே விடை கூறுகின்றேன்.

முதலில், ஓராண்டு பொறுத்திருங்கள். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பசுமை இல்லையெனில் அது பட்ட கிளை, அதனை அகற்றிவிடலாம். மற்றவற்றில் கத்தரி வைக்க வேண்டாம். கொடி ரோஜாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பவை உண்டு. விட்டுவிட்டுப் பலமுறை பூப்பவையும் உண்டு. முன்னவை சென்ற ஆண்டு வளர்ந்த கிளையிலேயே பூக்கும். பூக்குமுன் கவாத்து செய்தால் அவ்வாண்டின் பூ அனைத்தும் கத்தரியோடு போய்விடும். எனவே பூத்து முடிந்த பின்னரே அவற்றைக் கவாத்து செய்தல் வேண்டும். பின்னவற்றில், பூத்த பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணுக்கள் விட்டு வெட்டலாம். உங்கள் செடி எவ்வகை என்று சொல்லத் தாயார் இன்று இல்லை. செடிதான் சொல்ல வேண்டும். அதற்கே ஓராண்டு தவணை.

மேலைநாட்டு நூல்களின் மாதக் கணக்கும் நமக்குப் பொருந்தாது. அங்கே கடுங்குளிரில் ரோஜா உறங்கும். நம் மலைகளில் அவ்வாறு முழுதும் உறங்குவதில்லை. 1882இல் மணிப்பூர் மலைகளில் ஜார்ஜ் வாட் கண்டெடுத்த 'ரோசா ஜைகான்டியா' என்னும் காட்டு ரோஜா, பெருமரங்களின்மீது ஏறிப் படர்வது. 'டீ ரோஜா' இனத்தின் மூதாதையருள் அதுவும் ஒன்று என்பர். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜாவும் அதனைக்கொண்டு வெப்ப நாடுகளுக்கேற்ற புதிய ரோஜாக்களை உருவாக்கினர். டீ ரோஜா இனம் கடுமையான கவாத்தைத் தாங்காது. அடியோடு வெட்ட அஞ்சிய சகோதரியின் தயக்கம் நியாயமானதே!

இனி, பூ குறைந்தது ஏன்? அவரை சுற்றி ஏறும். பாகல் சுருள் இழையால் பற்றும். ரோஜாவுக்கு இரண்டும் இயலா. நாம்தான் கட்டிவிட வேண்டும். கிளை செங்குத்தாக நின்றால், நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் பொருள் கீழ்க் கணுக்களைத் துளிர்க்கவிடாது. பூ உச்சியில் மட்டுமே தோன்றும். அதே கிளையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினால், கணுவுக்குக் கணு துளிர்விட்டுப் பூக்கும். அடியிலிருந்து எழும் இளங்கிளைகளை மெல்ல வளைத்து, பழைய துணிக் கிழிசலால் நெகிழக் கட்டுங்கள். முதிர்ந்த கிளைகளை வளைத்தால் முறியும். அவற்றுள் மிக நலிந்ததை, ஆண்டுக்கு ஒன்றாக அடியில் வெட்டினால் போதும்.

ஒட்டுச் செடியாயின் மற்றோர் ஆபத்தும் உண்டு. ஒட்டுக்குக் கீழிருந்து வேற்றின இலையும் முள்ளுமாகச் செழித்தெழும் தளிர், மேற்செடிக்குரிய உணவைத் தானே உண்டுவிடும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெறியுங்கள். ஆயினும் இலைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். குச்சி நட்டு வளர்த்த செடியாயின் அடித்தளிரும் அதன் சொந்தப் பிள்ளையே!

நீரை இலைமேல் தெளிக்காது வேரடியில் காலை நேரத்தில் ஊற்றுங்கள். இலை ஈரம் கரும்புள்ளி நோயை வளர்க்கும். மக்கிய தொழு உரமும் இடுங்கள்.

இறுதியாக ஒன்று. பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள கிளையிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்தில் பத்துக் குச்சிகள் வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் பாதியளவு புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். எல்லாம் வேர்பிடியா, சில பிடிக்கும். வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப்போகும். இச்செடியோ பங்கிடப் பங்கிடப் பெருகும். வேர்பிடித்த கன்றுகளை உடன்பிறந்தார் அனைவருக்கும் கொடுங்கள். முதற் கன்று, வெட்டச் சொன்ன தமையனாருக்கே போகட்டும்!