ஏற்காட்டில் என்ன இருக்கிறது?

"ஏற்காட்டுல என்னங்க இருக்கு? ஏரி, நாலு பாயிண்ட், பஜ்ஜி. அரை நாள்ல முடிஞ்சிரும்." சேலத்துக்காரர்களே இப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று பத்துப் பத்து நிமிஷம் காரை நிறுத்தி போட்டோ எடுத்தால் அவ்வளவுதான் இருக்கும்!

ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. கோயில் இருப்பது 5,326 அடி உயரத்தில். சாமி குறுகலான குகைக்குள். "இந்த வயசுல நடை எதுக்குப்பா?" என்பார்கள் பிள்ளைகள். நம் வயதுக்கு நிதானமாக நடந்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரம். விடிகாலை பஸ்ஸில் கிளம்பினால் வெயிலுக்கு முன்பே போய்விடலாம். திரும்ப முடியாவிட்டால் ஆட்டோ பிடியுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

முழங்கால் வலிக்காரர்கள் கிளியூர் அருவியை விட்டுவிடலாம். இறங்கிவிடுவோம், ஏறுவதுதான் பாடு. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே 300 அடி விழுகிறது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தோடு போய், "அருவியில தண்ணியே இல்ல" என்று மலையைக் குறை சொன்னால் எப்படி? ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் போங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு. நாலு மணிக்கெல்லாம் ஏரிக்கரைக்குத் திரும்பிவிடுங்கள். பஜ்ஜியை அப்போது சாப்பிடலாம்.